கன்ட்ரோல் எலிகள்

ஆராய்ச்சி மாணவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதிக்கும் அப்பாக்கள் பெரிய மனசுக்காரர்கள். (நானும் இரண்டு பெண்களைப் பெற்றவன்தான். சம்மதிக்க மாட்டேன்.)

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் எலிகளோடு என் இளமை கழிந்துகொண்டிருந்தது. மருதம்பட்டைச் சாறு ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா என்பது ஆய்வு. எல்லா எலிகளுக்கும் வனஸ்பதி கலந்த தீனி. பாதிக்கு மட்டும் கூடவே சாறு. சாறு இல்லாத பாதி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதற்குப் பெயர் 'கன்ட்ரோல்'. தீனி போடுவது அட்டெண்டர் ஆறுமுகம். "இதெல்லாம் கன்ட்ரோல், பாத்துக்கோங்க" என்று கூண்டுகளைக் காட்டிவிட்டு, மெர்சியைப் பார்க்கச் செம்பாக்கத்துக்கு சைக்கிளை மிதித்துவிட்டேன். மேதை!

மெர்சியின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டாக்டர் பட்டம் வந்தால்தான் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். முடிவு தெரியும் நாளன்று அவரையே ஆய்வகத்துக்கு அழைத்தேன். வேண்டாத வேலை.

ரத்தத்தைச் சோதித்தால், சாறு குடித்த எலிகளுக்குத்தான் கொலஸ்ட்ரால் எகிறிக் கிடந்தது. கன்ட்ரோல் எலிகள் சுத்தம். என் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெர்சியின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அப்போ தினம் காலையில நான் குடிக்கிறது?"

(அவருக்கும் கொலஸ்ட்ரால் உண்டு. நல்ல பெயர் வாங்க, நான்தான் அந்தப் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.)

ஆறுமுகத்தைக் கூப்பிட்டோம். பாராட்டப்போகிறோம் என்று நினைத்து, பாவம், சிரித்தபடி வந்தார்.

"நீங்கதான சார் கன்ட்ரோல்னு சொன்னீங்க. எங்க மாமாவுக்கு டாக்டர் கன்ட்ரோலா இருக்கச் சொன்னாரு, வூட்ல எண்ணெய நிறுத்திட்டோம். இதுங்களுக்கும் வனஸ்பதிய நிறுத்திட்டு வெறும் கோதுமதான் போட்டேன். சோக்கா கீதுங்க பாருங்க."

அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் பேராசிரியர். கல்யாணப் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மெர்சியின் அப்பா பஸ் ஏறினார். கெஞ்சிக்கொண்டே நானும் ஏறினேன்.

வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மெர்சி சிரிக்கவில்லை, அழவுமில்லை. அப்பாவிடம் அலுப்பாகச் சொன்னாள்.

"எலிங்க குண்டாகுற வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாதுப்பா."

அந்த மே மாதமே கல்யாணம். பட்டம் அதற்கும் வெகுகாலம் கழித்து, என்னைப்போலவே களைத்துப்போய் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் என்னை டாக்டர் என்கிறது. கீழ்க்கட்டளையிலிருந்து அஸ்தினாபுரம்வரை பரவிக் கிடக்கும் மெர்சியின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் நான் இன்றைக்கும் 'எலி மாப்பிள்ளை'தான்.