ஜானிஸின் கோலும் நான் குறைத்த கனமும்

பார்ன்ஸ்லி,
திங்கட்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் டெரிக் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை ஜானிஸும் மழையும் நலம். அங்கு நீங்களும் டோரீனும் உங்கள் முழங்காலும் நலமா? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உங்கள் பில்லியர்ட்ஸ் கோலை இங்கே விட்டுவிட்டீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. கோப்பை வாங்கித் தந்த கோல், கட்டிய மனைவி டோரீனைக்கூடத் தொட விடாத கோல். அதை ரயிலில் விட்டுவிட்டு எங்கள் வீட்டில் தேடினால் எப்படி? பொருள் மேல் ஒரு கவனம் வேண்டும் மச்சான்.

நிற்க. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், ஜானிஸின் கோலை நான் கெடுத்துவிட்டேன். சனிக்கிழமை பப்பில் பெண்கள் பில்லியர்ட்ஸ் இறுதி ஆட்டம், வருஷக்கணக்கில் அவள் ஏங்கிய ஆட்டம். போன வாரம் பயிற்சி முடிந்து வந்தவள், "கோல் கையை இழுக்குது ரெஜ், கொஞ்சம் கனம் குறைஞ்சா அவளுங்களை ஒரு வழி பண்ணிடுவேன்" என்றாள். கட்டினவன் சும்மா இருப்பேனா? இன்று அவள் வேலைக்குப் போனதும் மாடிப்படிக்கு அடியிலிருந்த கறுப்பு உறையை எடுத்து, கோலின் அடிப்பக்க ரப்பரைக் கழற்றி, உள்ளே கனத்துக்காக முடுக்கியிருந்த போல்ட்டை ஆலன் கீ போட்டு எடுத்துவிட்டேன். சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு நுனி தராசில், மறு நுனி பிரிட்ஜ் மேல். பாதிக் கனத்தை பிரிட்ஜே சுமந்துகொண்டது. கையில் பிடித்தால் துடைப்பக்குச்சி மாதிரி இருந்தது. சரி, போல்ட்டைத் திரும்பப் போடலாம் என்று பார்த்தால், நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்த் தோட்டத்தில் எங்கோ புதைத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வால்டர், தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைப் போடச் சொன்னான். போட்டேன், கோல் கிலுகிலுப்பை ஆகிவிட்டது. சத்தம் அடங்க எதையாவது ஊற்று என்றான். கேக்குக்கு வாங்கிய கரும்புப் பாகு இருந்தது, ஊற்றினேன். இறுகட்டும் என்று ஹீட்டர் ஓரம் நிறுத்தினேன், என் புத்தி அவ்வளவுதான். பாகு இளகிக் கம்பளத்தில் இறங்கியது, இப்போது கம்பளத்தை நாய் நக்குகிறது, கோல் கம்பளத்தை விட மறுக்கிறது.

அவளுக்குத் தெரிந்தால் நான் வால்டர் வீட்டுக் கொட்டகையில்தான் குடியிருக்க வேண்டும். உங்களிடம் மாற்று போல்ட்டுகள் இருக்குமே, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து என்னைக் காப்பாற்றுங்கள். இந்த விஷயத்தில் உங்களைப் போலக் கைதேர்ந்தவர் யார் இருக்கிறார்கள்?

டோரீனுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் மடங்கட்டும், நீங்கள் குறி வைத்த பந்தெல்லாம் குழியில் விழட்டும்.

தங்கள் அன்புள்ள,
ரெஜ்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது ஜானிஸ் வந்துவிட்டாள். கோலைப் பார்த்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். "என் கோல் கார் டிக்கியில இருக்கு. இது அண்ணனோடது" என்றாள். பிறகு படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆகவே மச்சான், உங்கள் கோல் பத்திரமாகக் கிடைத்துவிட்டது. வாசனை அருமை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், அவள் விடவில்லை.

"அப்படியே அனுப்பு. பொருள் மேல ஒரு கவனம் வேணும்னு எழுதியிருக்கியே, அந்த இடத்தை அண்ணன் கட்டாயம் படிக்கணும்" என்கிறாள்.