கிளினிக்குக்கு முந்திய ஐந்து நாள்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் நான். பார்த்து எழுதிய பிள்ளைகளின் காதைத் திருகிய அதே கையால் எழுதுகிறேன்: நானும் சோதினையில் களவு செய்தவன்தான்.

நெஞ்சுக்குள் வால்வு மாற்றிய நாளிலிருந்து இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுகிறேன். மாதம் ஒருமுறை எங்கள் ஊர் சரவணையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். வருகிற எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டிவிடும். கூடினால் கண்ட இடத்தாலும் வடியும். என் எண்ணோ ஓரிடத்தில் நிற்காது. நானும்தான். (கிளினிக் வாங்கில் என்னை இருத்திவைக்க நர்ஸ் மிஸ்ஸிக்கு ஏலாது.) மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவளைத் தாரைவார்த்துக் கொடுக்க உயிரோடு இருப்பேனா என்ற பயம் என்னைப் பிடுங்கித் தின்றது.

எங்கள் பக்கத்துச் சீனி வருத்தக்காரர்களுக்கு ஒரு பழக்கம். கிளினிக்குக்கு முதல் சில நாள் மட்டும் துறவி மாதிரிச் சாப்பிடுவார்கள். நல்ல பெயர் வாங்கியதும் பஸ் நிலையத்திலேயே லட்டு. நானும் அதைப் பிடித்தேன். ஐந்து நாள் மீன் இல்லை, நண்டு இல்லை. காலையில் வல்லாரைச் சம்பல், மத்தியானம் முருங்கையிலை வறை, இரவில் பொன்னாங்காணி. (கீரை கூடினால் அந்தக் குளிசை வேலை செய்யாது என்று கிளினிக்கில் துண்டு தந்திருந்தார்கள். அதை வாசிக்காமலே மடித்து ஆடுகிற கதிரைக் காலுக்கு முண்டு கொடுத்திருந்தேன்.)

எண் ஒன்றரைக்கு இறங்கியது.

“மாஸ்ரர், சாப்பாட்டிலை ஏதும் மாத்தினனீங்களோ?” என்றார் டொக்டர்.

“இல்லை டொக்டர், எப்பவும் சாப்பிடுறதுதான்.”

அவர் குளிசையைக் கூட்டினார். நான் வீட்டுக்கு வந்து நண்டுக்குள் இறங்கினேன். அடுத்த மாதமும் அதே கீரை, அதே பொய். குளிசை இன்னும் கூடியது.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கப் பலகாரச் சூடு. புளியங்கூடலிலிருந்து மச்சாள்மார் வந்து முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். நான் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் அடுப்புக்கும் குசினிக்குமாக அலைந்தேன். பணியாரம் தோய்க்கிற மாக்கரைசல் தண்ணியாய் இருக்கிறதென்று குனிந்து பிழை பிடித்த நேரம், என் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் அதற்குள்ளேயே விழுந்தது.

“ஐயோ, கலியாண வீட்டிலை இரத்தம்!” பெரிய மச்சாள் அகப்பையோடு துள்ளினாள். மகள் அழத் தொடங்கினாள். ஒரு துவாய் நனைந்தது, இரண்டாவதும் நனைந்தது.

ஆஸ்பத்திரியில் எண் ஏழு.

“ஒண்டும் மாத்தேல்லை எண்டனீங்களே?” டொக்டர் தலையில் கை வைத்தார்.

“ஓம், ஒண்டும்...”

என் மனைவி குறுக்கே பாய்ந்தாள். “விசர்க் கதை! உங்களிட்டை வர முதல் அஞ்சு நாளும் இவர் ஆடு மாதிரி இலை தின்னுறவர், டொக்டர். நல்ல பேர் எடுக்கவாம்! வீட்டை வந்தால் கீரையைத் திரும்பியும் பாக்கமாட்டார்.”

வார்டே சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை. “மாஸ்ரர், நான் மார்க்ஸ் போடேல்லை. நீங்கள் வீட்டிலை எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு பாக்கத்தான் இரத்தம் எடுக்கிறது. கீரை திண்ட ஆளுக்குக் குளிசை கூட்டினன். அதை நண்டு திண்ட ஆள் போட்டிருக்கிறார்.”

மூக்கில் பஞ்சோடு மன்னிப்புக் கேட்டேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். மகளின் கையைப் பிடித்து நானே கொடுத்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தி வீட்டார் முதல்முறை விருந்துக்கு வந்தபோது என் மனைவி புதுத் திரைச்சீலை போட்டு, அலுமாரியிலிருந்த பீங்கான் எல்லாம் இறக்கி அடுக்கியிருந்தாள். சுற்றிப் பார்த்த மகள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “என்னம்மா, கிளினிக்கோ?” மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. இப்போது கனடாவுக்குத் திரும்பிவிட்ட சம்பந்தியம்மா வீடியோவில் வரும்போது நான் சட்டை போட்டிருந்தால் போதும், சுகம் கேட்க முதல் “கிளினிக்கோ?” என்றுதான் கேட்கிறார்.