நைனாவுக்குப் பின்னால் பிறந்த மச்சானுக்கு

திருப்பதியில் உடல் நலத்தோடும் என்மேல் கோபத்தோடும் இருக்கும் மச்சான் எத்திராஜ் அவர்களுக்கு, நகரி சண்முகம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ஜெயம்மாவும் நலம். பவர்லூமும் நலம். உங்கள் போனுக்குத்தான் உடம்பு சரியில்லை போல, எடுக்கவே மாட்டேன் என்கிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நம்ம பொண்ணு அகிலா புத்தூர் ஸ்கூலில் ஏழாம் கிளாஸுக்குச் சரித்திரம் எடுக்கிறாள் அல்லவா, எந்த ராஜா முன்னே, எந்த ராஜா பின்னே என்பது பிள்ளைகள் மண்டையில் ஏறவில்லையென்று கம்ப்யூட்டரில் டைம்லைன் என்று ஒன்றைப் பிடித்தாள். நீளமா ஒரு கோடு, வருஷத்தப் போட்டா அதுவே முன்ன பின்ன அடுக்கிக்குது. மாதிரிக்கு நம்ம குடும்பத்தக் காட்றேன்னு லிங்க்க எனக்கு அனுப்பி, "நைனா, தெரிஞ்ச வருஷமெல்லாம் நீயே போடு"ன்னா. சும்மா இருப்பனா? உங்க நைனா செத்தது 1963 ஜனவரின்னு சமாதியில இருக்குது, போட்டேன். ஜெயம்மாவுக்கு 1962. உனக்கு, தரிசன டிக்கெட்டுக்கு அனுப்பினியே ஆதார் ஜெராக்ஸ், அதப் பாத்து 1964 ஜூலை ஒண்ணுன்னு போட்டேன். கார்வேட்டிநகரத்துல ஆடு மேய்ச்சிக்கினு இருந்த உன்ன ஸ்கூல்ல லேட்டா சேத்தப்ப வாத்தியாரு அஞ்சி வயச முழுங்கினது எனக்கு எங்க ஞாபகம்? அந்த மனுசன் ஊர்ப் புள்ளைங்க எல்லாரையும் ஜூலை ஒண்ணுலயே பெத்தவரு.

கிளாஸ்ல பெரிய திரையில போட்டதும் ஹேமநாத்னு ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், உங்க மாமா அவங்க நைனா செத்தப்புறமா பொறந்தாரு? தங்கச்சி முன்ன, அண்ணன் பின்ன வர்றாரே!"ன்னு கேட்டானாம். அதுவரைக்கும் வருஷம்னாலே தூங்கின கிளாஸ், அன்னிக்கி பெல் அடிச்சும் எழுந்துக்கல.

நீ அந்த லிங்க்ல அதப் பாத்துட்டு, "எங்கம்மா பேரக் கெடுத்துட்டான், அகிலா கல்யாணத்துக்கு வரமாட்டேன்"னு ஜெயம்மாகிட்ட கத்தியிருக்க. அகிலா துன்னாம உக்காந்துக்கினு இருக்கா. "நாராயணவனம் கோயில்ல தாய்மாமன் மாலை போடலன்னா மணவறை ஏறமாட்டேன்"றா. நீ தோள்ல தூக்கின பொண்ணு, மச்சான். என்னத் திட்டணும்னா பந்தியில பக்கத்துல உக்காந்து திட்டு, பாயசம் துன்னுக்கினே கேட்டுக்கறேன்.

நேத்தே எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். உன் நெஜமான வருஷம் 1959ஐப் போட்டு, "ஆதாரில் இருப்பது பொய், வாத்தியார் கைவேலை"ன்னு கீழ எழுதிட்டேன். உங்கம்மா மானமும் பொழச்சிது, நீயும் தங்கச்சிக்கு அண்ணன் ஆயிட்ட.

ஏழுமலையான் உனக்கு நீளமா ஆயுசும் குட்டையா கோபமும் குடுக்கட்டும். மாலையோட வா.

உன் மேல் உயிரான,
சண்முகம்

பி.கு.: உங்கம்மா மானம் திரும்பினது ஊருக்கே தெரியட்டும்னு அந்த லிங்க்க உன் ஆபீஸ் பெரியவரு ரமணா சாருக்கும் அனுப்பினேன். ஜெயம்மா இப்பதான் தலையில அடிச்சிக்கினு வர்றா: "அடப்பாவி, எங்கண்ணன் இன்னும் வேலையில இருக்குது! அம்பத்தொம்பதுல பொறந்ததுன்னா எப்பவோ ரிட்டயர் ஆகியிருக்கணுமே!" அதுவும் நியாயந்தான். மச்சான், யாராச்சும் கேட்டா, நைனா செத்தப்புறந்தான் பொறந்தேன்னு அடிச்சி சொல்லிடு. சாட்சிக்கு ஏழாம் கிளாஸே இருக்குது.