சண்முகையா நிலத்தின் நிறம்

"மஞ்சள்னா என்ன அர்த்தம் தம்பி? வெளையுமா, வெளையாதா?"

சண்முகையா திரையிலிருந்த வரைபடத்தில் தன் நிலத்தை விரலால் தொட்டுக் கேட்டார்.

"சுமாரா வெளையும் அண்ணாச்சி. பச்சைன்னா தானியத்துக்கு ஏத்த நிலம். சிவப்புன்னா ஆகாது" என்றான் வெங்கடேஷ்.

"சுமாருங்கது ஒரு பதிலா? நல்லாப் பாருங்க."

தர்மபுரிக்காரனான வெங்கடேஷ், சங்கரன்கோவில் வேளாண் அலுவலகத்தில் வரைபட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. ஓட்டலில் "இன்னொரு தோசை" என்பதைத் தவிர நாள் முழுக்க வாய் திறக்க அவசியமே வராது. குருவிகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவனிடம் உட்கார்ந்து பேசிய முதல் ஆள் சண்முகையாதான். அந்த முகத்தை எப்படியாவது மலர வைத்துவிட வேண்டுமென்று அவனுக்குத் தோன்றியது.

தேடினான். மண்ணின் ஆழத்தைத் தவறாகப் பதிந்திருந்தார்கள். திருத்தியதும் மஞ்சள் இளம்பச்சையானது.

மறுவாரம் வந்த சண்முகையாவின் முகம் வாடியது. "நேர்ல வந்து ஒருதடவ பாத்திருங்களேன் தம்பி."

இளம்பச்சை போதவில்லை போலிருக்கிறது! ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனான். நிலத்தில் நான்கு இடத்தில் தோண்டினான்.

"இங்கன ஒரே கல்லு, பாத்தியளா?"

"கல்லெல்லாம் ஓரத்துலதான். கவலையே படாதீங்க."

"தண்ணியும் நிக்காது."

"அடியில ஈரம் இருக்கு அண்ணாச்சி!"

புதிய அளவுகளை ஏற்றியதும் நிலம் கரும்பச்சையாக மின்னியது. வெங்கடேஷ் அதைக் கலரில் அச்சடித்து, தானே அவர் நிலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"சோளம், கம்பு, குதிரைவாலி, எது போட்டாலும் வெளையும். ஒன்றியத்துலயே உங்க நிலம்தான் முதல்!"

சண்முகையா தாளை வாங்கிப் பார்த்தார். நாலாக மடித்து இடுப்பில் செருகினார். "நல்லது தம்பி" என்றவர், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

வெங்கடேஷ் வரப்பில் தனியாக நின்றான். பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த கோகிலா நிமிர்ந்தாள். "என்ன பேப்பரு சார் அது?"

சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கெடுத்திட்டியளே சார்! அவரு பொண்டாட்டி செத்துப்போனதுலருந்து மகன் மெட்ராசுக்குக் கூப்பிடுதான். 'நெலம் ஆகாதுன்னு சர்க்கார் சொல்லட்டும், வாரேன்'னு வீம்பாச் சொல்லிட்டு, அந்தச் செவப்பு வாங்கத்தான பெட்டியக் கட்டி வச்சிக்கிட்டு ஒங்க ஆபீசுக்கு நடையா நடந்தாரு!"