ரிசர்வில் வந்த சம்பந்தம்

ஆம்னி வேன் மூன்றாவது முறையாக இருமியது.

அந்தோணிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். டாங்க்கின் மூலையில் எங்காவது நாலு சொட்டு பெட்ரோல் பதுங்கியிருந்தால், குலுக்குகிற குலுக்கலில் வெளியே வந்துவிடாதா என்கிற நப்பாசை.

"என்ன சார், குழியா?" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த ஆசீர்வாதம்.

"ஆமாங்க. தமிழ்நாட்டு ரோடு. எங்க காரைக்கால் பக்கம் வந்து பாருங்க, வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும்."

ரோடு இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது. ஆசீர்வாதம் அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த பெரிய பையை இறுக்கி அணைத்துக்கொண்டார். நாகப்பட்டினத்தில் ஏறும்போதே அந்தப் பையைப் பின்னால் வைக்கச் சொன்னார் அந்தோணிமுத்து. "வேணாங்க, மடியிலயே இருக்கட்டும். சம்பந்தம் பேசப் போற எடத்துக்குக் கையை வீசிக்கிட்டா வர்றது?" என்றுவிட்டார் மனிதர். பலகாரம் போலிருக்கிறது என்று அந்தோணிமுத்து உச்சி குளிர்ந்தார்.

பின் சீட்டில் ஆசீர்வாதத்தின் மனைவி ஜெசிந்தா. அவருக்கு அருகில் மாப்பிள்ளைப் பையன் நெல்சன், கப்பல் கம்பெனியில் எஞ்சினியர், பால் வெள்ளையில் சட்டை. மூவரும் கோட்டுச்சேரிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். எங்கள் கார் ரிப்பேர், நீங்கள் வண்டி கொண்டுவந்து கூட்டிப்போக முடியுமா என்று ஆசீர்வாதம்தான் போனில் கேட்டிருந்தார்.

பெண் பெனிட்டா. அந்தோணிமுத்துவின் ஒரே மகள்.

காலையில் வேனை எடுக்கும்போதே மனைவி சலோமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத பாருங்க. போன தடவ வந்தவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் பில் ஏறுதுன்னு ஃபேனை அணைச்சீங்க. பொண்ணு தங்கம், அப்பன்தான் சரியில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. இதுவும் உங்க கஞ்சத்தனத்தால போச்சு, நானும் எம்பொண்ணும் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவோம். நீங்களே சமைச்சு, நீங்களே ஃபேனை அணைச்சுக்கிட்டு உக்காந்திருங்க."

சலோமி சொன்னால் செய்வாள்.

வேன் நான்காவது முறை இருமவில்லை. நாகூரைத் தாண்டியதும் ஒரு பெரிய பெருமூச்சு விட்டு நின்றே போயிற்று. நின்ற இடம்தான் கொடுமை. சாலைக்கு எதிர்ப்புறம் பளபளவென்று ஒரு பெட்ரோல் பங்க். தமிழ்நாட்டு பங்க்.

பங்க் ஊழியர் குழாயைக் கையில் எடுத்து, 'வாங்க வாங்க' என்று ஆட்டிக் காட்டினார்.

அந்தோணிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுச்சேரி அரசாங்கம் பெட்ரோலுக்குப் போடுகிற வரி குறைவு. ஆகவே காரைக்காலில் விலையும் குறைவு. எல்லையைத் தாண்டிவிட்டால் லிட்டருக்கு அஞ்சாறு ரூபாய் கூட. லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டு பங்க்கில் ஒரு சொட்டு போட்டதில்லை அந்தோணிமுத்து. அவருக்கு அது கொள்கை. சலோமிக்கு அது வியாதி.

அப்படியானால் கிளம்பும்போதே காரைக்காலில் போட்டிருக்கலாமே? போட்டிருப்பார். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் காதர் பாட்சாதான் கெடுத்தார். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுங்க. வரிய இன்னும் கொறைக்கப் போறாங்களாம். உள்ளேருந்து வந்த சேதி," என்று காதில் ஓதிவிட்டார். அரசாங்கம் குறைக்கப் போகிற நேரத்தில் முந்திரிக்கொட்டை மாதிரி போய் டாங்க்கை நிரப்புகிறவன் முட்டாள் அல்லவா? ரிசர்வில் போய் ரிசர்வில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். வேன் வேறு கணக்குப் போட்டது.

"பெட்ரோல் இல்லியோ?" ஆசீர்வாதம் குரலில் லேசான பதற்றம்.

"சேச்சே. டாங்க் நெறைய இருக்குங்க."

"நெறையவா?"

"வழிய வழிய. நேத்துத்தான் போட்டேன்."

"காரைக்கால் பெட்ரோலா?"

"பின்ன?"

ஆசீர்வாதத்தின் முகம் கிறிஸ்துமஸ் ஸ்டார் மாதிரி பிரகாசமாயிற்று. "அப்ப சரி," என்றார்.

"ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா தானா சரியாயிடும்."

"நான் பாக்கறேன் அங்கிள்." நெல்சன் அதற்குள் கீழே குதித்துவிட்டான். அந்தோணிமுத்துவும் அவசரமாகக் கீழே இறங்கினார். மாப்பிள்ளை எஞ்சினியர் என்று ஊரெல்லாம் பெருமையடித்தபோது இப்படி ஒரு ஆபத்து இருப்பது தெரியவில்லை.

ஆம்னிக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஆகவே மாப்பிள்ளையின் அப்பாவைக் கீழே இறக்கி, மட்டமத்தியான வெயிலில் நிறுத்தி, அவர் உட்கார்ந்திருந்த சீட்டையே தூக்கவேண்டியதாயிற்று. அவர் பையோடு இறங்கி பையோடு நின்றார்.

"அங்கிள், மீட்டர் முள்ளு அடியில கெடக்குதே?"

"அது வேலை செய்யாதுப்பா. வாங்கினதுலேருந்து அப்படித்தான் படுத்துக் கெடக்குது."

நெல்சன் ஒரு குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். எஞ்சினிலிருந்து கரி கிளம்பி வெள்ளைச் சட்டையில் தமிழ்நாடு வரைபடம் போட்டது. ஜெசிந்தா குடை விரித்து மகன் பக்கம் பிடித்தார். கணவர் பக்கம் பிடிக்கவில்லை.

"பெட்ரோல் இந்தக் குழாய்க்கே வரலியே அங்கிள். மெக்கானிக்கக் கூப்பிடுவோம்."

சாலையோர ஷெட்டிலிருந்து முத்தையன் என்கிற மெக்கானிக் ஸ்பேனரோடு வந்தான். அந்தோணிமுத்து பாதி வழியிலேயே ஓடிப்போய் மறித்து, அவன் சட்டைப்பையில் ஒரு நோட்டைச் செருகினார்.

"தம்பி, டாங்க் காலி. அத மட்டும் சொல்லிடாத. சம்பந்தி வீட்டுக்காரங்க."

முத்தையன் நோட்டை எடுத்துப் பார்த்தான். பங்க்கைப் பார்த்தான். "இந்தக் காசுக்கு எதுத்தாப்லயே போட்டிருக்கலாமே சார்? வீடு வரைக்கும் போயிருக்கும்."

"அது வேற. இது வேற."

முத்தையன் வாங்கின காசுக்கு விசுவாசமானவன். எஞ்சினைக் குனிந்து பார்த்தான், தட்டினான், முகர்ந்தான், உச்சுக்கொட்டினான். பிறகு நிமிர்ந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில், "எஞ்சின் போயிடுச்சு சார்," என்றான்.

"போயிடுச்சா?" அந்தோணிமுத்துவே பயந்துவிட்டார்.

"மொத்தமா. பிரிச்சுத்தான் பாக்கணும். வண்டி ஷெட்ல நிக்கட்டும். பத்து நாளாவும்."

ஒரு நோட்டுக்கு இவ்வளவு நடிப்பா என்று அந்தோணிமுத்து பல்லைக் கடித்தார்.

"அப்பறம் என்ன?" என்றார் ஜெசிந்தா. "வண்டிய இங்க விட்டுட்டு ஒரு ஆட்டோ புடிச்சுப் போவோம். பொண்ணு பாவம், எவ்ளோ நேரந்தான் பொடவையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்?"

"ஆட்டோவா?" என்றார்கள் இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில்.

அந்தோணிமுத்து ஆட்டோக் கூலியை நினைத்துச் சொன்னார். ஆசீர்வாதம் எதை நினைத்துச் சொன்னாரோ, வேனின் பக்கவாட்டில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார், கன்றுக்குட்டியைத் தட்டுவது மாதிரி. "டாங்க் நெறைய பெட்ரோல வச்சிக்கிட்டு வண்டிய ரோட்டுல விட்டுட்டுப் போறதா? அத்தனையும் உறிஞ்சிட்டுப் போயிடுவானுங்க. தள்ளுவோம்."

"எதுவரைக்கும்?" என்றான் நெல்சன்.

"வாஞ்சூர் வரைக்கும்," என்றார் அந்தோணிமுத்து, தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல். வாஞ்சூரில்தான் எல்லை. எல்லையைத் தாண்டினதும் முதல் வேலையாக நிற்பது காரைக்கால் பங்க். "அங்க எனக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் இருக்காரு."

தள்ளினார்கள். அந்தோணிமுத்து ஜன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி. பின்னால் அப்பாவும் பிள்ளையும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வேன் பின்னோக்கி வர ஆரம்பிக்க, ஜெசிந்தாவும் குடையை மடக்கிவிட்டுத் தோள் கொடுத்தார். பட்டுப் புடவையோடு ஒரு பெண்மணி வேன் தள்ளுவதைப் பார்க்க ஒரு பஸ்ஸே வேகத்தைக் குறைத்தது.

அந்த நேரம் பார்த்து சலோமி போன் செய்தாள். "எங்க இருக்கீங்க? கேசரி ஆறிப்போச்சு."

"வந்துக்கிட்டே... இருக்கோம்."

"ஏன் மூச்சு வாங்குது? அவங்க என்ன பண்றாங்க?"

அந்தோணிமுத்து திரும்பிப் பார்த்தார். "சுறுசுறுப்பா இருக்காங்க."

மூச்சு வாங்கினாலும் ஆசீர்வாதம் வாயை மூடவில்லை. "தில்லியில ஒரு வரி. மெட்ராஸ்ல ஒரு வரி. எங்கேயோ யுத்தம்னா அன்னைக்கே வெல ஏறுது. யுத்தம் நின்னுட்டா மட்டும் எவனும் எறக்கறதில்ல. நாம தள்ளறோம் பாருங்க, இதுக்கு மட்டும்தான் சார் இன்னும் வரி போடல."

"சத்தமாச் சொல்லாதீங்க," என்றார் அந்தோணிமுத்து. "போட்டுடுவாங்க."

இவ்வளவு அருமையான மனிதரிடமா பொய் சொல்கிறோம் என்று உறுத்தியது. எல்லை வளைவு கண்ணில் பட்டதும் உறுத்தல் பறந்துவிட்டது.

வாஞ்சூர் பங்க்கில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் திருவிழாக் கூட்டமாக நின்றன. "டயருக்குக் காத்து மட்டும் பாத்துடுவோம்," என்று வேனை மெல்ல உள்ளே திருப்பினார் அந்தோணிமுத்து. இவர்களை நிழலில் உட்கார வைத்து, நைசாக டாங்க்கை நிரப்பிவிட்டால், மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"வாங்க அந்தோணிமுத்து சார்," பங்க் மேனேஜர் பூமிநாதன் மைக்கே இல்லாமல் மைக் வைத்த குரலில் வரவேற்றார். "காலி டாங்க்கோட இந்த மாசமும் தள்ளிக்கிட்டே வந்துட்டீங்களா? காதர் பாட்சா பேச்ச நம்பாதீங்கன்னு சொன்னேன்ல? வரி கொறையாது. ஏத்தாம விட்டா சரி."



நெல்சன் தன் சட்டையைப் பார்த்தான். பிறகு மீட்டர் முள்ளைப் பார்த்தான். "அப்ப மீட்டர் நல்லாத்தான் வேலை செய்யுதா அங்கிள்?"

ஆசீர்வாதம் வேர்வையைத் துடைக்கக் கூட மறந்து நின்றார். "டாங்க்... காலியா?" அந்தக் குரலில் கோபம் இல்லை. பறிகொடுத்தவனின் துக்கம் இருந்தது. "வழிய வழியன்னீங்களே?"

முடிந்தது. பெனிட்டாவின் முகமும், ஆறிப்போன கேசரியும், மச்சான் வீட்டு வாசலில் இறங்கப் போகிற இரண்டு பெட்டிகளும் அந்தோணிமுத்துவின் கண்முன் வந்து போயின.

"மன்னிச்சிடுங்க. எங்க ஊர்ல கம்மியா கெடைக்கிறத உங்க ஊர்ல கூடக் குடுத்து வாங்க எனக்கு மனசு வரல. நான் அப்படித்தான். எம்பொண்ணு அப்படியில்ல. என்ன வச்சு அவள வேணாம்னு சொல்லிடாதீங்க."

ஆசீர்வாதம் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு, அதுவரை யாரிடமும் கொடுக்காத அந்தப் பையைக் கீழே வைத்து, ஜிப்பை இழுத்தார்.

பலகாரம் இல்லை. இரண்டு காலி கேன். மூன்று முழ நீளத்துக்கு ஒரு ரப்பர் டியூப்.

"கேன்ல தர மாட்டோம் சார்," என்றார் பூமிநாதன் உடனே. "ரூல்ஸ் இல்ல."

"தெரியும். அதுக்குத்தான் டியூப்பு." ஆசீர்வாதம் அந்தோணிமுத்துவின் தோளில் கையைப் போட்டார். "டாங்க்க ஃபுல் பண்ணச் சொல்லுங்க சம்பந்தி. ஆளுக்குப் பாதி."

'சம்பந்தி' என்ற வார்த்தை காதில் தேனாக இறங்கிவிட்டது. ஆனால் அந்தப் பாதி எதற்கு என்பது மட்டும் புரியவில்லை. அந்தோணிமுத்து ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெட்ரோலும் எதுக்கும்மா? உங்க காருதான் ரிப்பேராச்சே?"

ஜெசிந்தா கசங்கிப்போன பட்டுப் புடவையை உதறிவிட்டு, கணவரை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னார்:

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எங்க ஊரு வெலைக்கு ஒரு சொட்டு போட மாட்டேன்னு போன மாசத்துலேருந்து வாசல்லயே நிறுத்தி வச்சிருக்காரு. காரைக்கால்காரரு டாங்க் நெறையப் போட்டுக்கிட்டுத்தான் வருவாருன்னு நம்பித்தானே உங்கள வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னதே?"