வளவுக்கு வந்த லைன்

ரூட்டரில் எரிவது சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்பது மருதுபாண்டிக்குத் தெரியவில்லை. ரூட்டர் பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி பினாங்கில் இருந்தது.

"சிவப்பா, பச்சையா? அதை மொதல்ல சொல்லுங்கண்ணே," என்றான் போனில் சதீஷ்குமார். காரைக்குடி இன்டர்நெட் கம்பெனிக்காரன்.

"ரூம்பு பூட்டிக் கெடக்கு தம்பி."

"தொறங்க."

"அது ஏகப்பன் செட்டியார் ரூம்பு. அவுக பினாங்குல இருக்காக."

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு பூட்டு. பங்காளிகளில் அங்கே குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. போன வருடம் பேரன் கல்யாணத்துக்கு வந்த ஏகப்பன், தம் வசதிக்கு ரூட்டரைத் தம் அறையிலேயே மாட்டச் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் வழக்கம்போல அறையைப் பூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். லைன் ஒழுங்காக வந்த வரை அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ரூட்டர் தானாகவே ஏதோ அப்டேட் செய்துகொண்டது. அதிலிருந்து லைன் பத்து நிமிடம் வரும், அரை மணி போகும்.

இன்று ஞாயிறு. மணி எட்டு. பதினோரு மணிக்குப் பங்காளிகள் கூட்டம். பொது வீட்டு விஷயம் எதுவானாலும் வீட்டின் நடுமுற்றமான வளவில் கூடித்தான் பேச வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறவர்கள் எங்கே கூடுவது? வளவில் பெரிய டிவியை வைத்து, அதில் எல்லார் முகமும் தெரிந்துவிட்டால் கூடிய கணக்குத்தான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை கரண்டு போய்க் கூட்டம் கலைந்தது. மறுதடவை மழையில் கம்பி அறுந்தது.

"இந்தத் தடவையும் லைன் இல்லைன்னா ஆளை மாத்துற மாதிரி இருக்கும் மருது," என்று சென்னையிலிருக்கும் பங்காளி மெய்யநாதன் சொல்லியிருந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் மருதுபாண்டிக்குப் பயமாக இருந்தது. பதினாறு வருடமாக அவரும் மனைவி செந்தாமரையும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில்தான் இருக்கிறார்கள். வேறு போக்கிடம் கிடையாது.

"மெயினை அமத்திப் போடுங்க," என்றான் சதீஷ்குமார்.

போட்டார். இப்போது செல்போனில் பழைய வைஃபை பெயரையே காணவில்லை. எழுத்தும் எண்ணுமாக எதுவோ வந்து பாஸ்வேர்டு கேட்டது.

"பழசெல்லாம் அழிஞ்சிருச்சுண்ணே. ரூட்டருக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும், அதுல உள்ளதைப் போடுங்க."

"தம்பி, ரூட்டரே..."

"ஆமா. பூட்டிக் கெடக்கு."

ஏகப்பன் அறையின் மேல்ஜன்னல் மட்டும் சரியாகச் சாத்தாமல் இருந்தது. செந்தாமரையின் செல்போனை ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, ஏணியில் ஏறி உள்ளே நீட்டினார் மருதுபாண்டி.

"எம் போனு பத்திரம்," என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்தவள்.

"எல்லாம் பத்திரமாத்தேன் இருக்கு."

உள்ளே எதுவோ விழும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே இன்னொரு சத்தம்.

"மொத சத்தம் ரூட்டரு," என்றாள் செந்தாமரை. "ரெண்டாவது?"

மருதுபாண்டி வெறும் கம்பை வெளியே இழுத்தார்.

ஏகப்பன் போனை எடுக்கவில்லை. மெய்யநாதனுக்குப் போன் போட்டுப் பூட்டை உடைக்க உத்தரவு கேட்டார்.

"ஒரு பங்காளி பூட்டை மத்த பத்துப் பேரும் சம்மதிக்காம உடைக்கக் கூடாது மருது."

"அப்ப அவுகளைக் கேட்டுச் சொல்லுங்கய்யா."

"கூட்டத்துலதானே கேக்கணும்?"

"கூட்டத்துக்கு லைன் வேணுமேய்யா."

"அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு."

ஒன்பதே முக்காலுக்குத் தச்சர் ஆண்டியப்பன் வந்தார். கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"பூட்டைத் தொடக் கூடாது, அம்புட்டுத்தானே? நாதாங்கி யாரு பேருல இருக்கு?"

மருதுபாண்டி ஓரமாக நகர்ந்து நின்றார். பதினாறு வருடத்தில் அந்தப் பூட்டுகளைத் துடைத்திருக்கிறாரே தவிர, ஒன்றையும் திறந்ததில்லை. ஆண்டியப்பன் உளியைக் கொடுத்து நெம்பினார். நாதாங்கி வந்தது. கூடவே கதவில் செதுக்கியிருந்த கிளியின் தலையும் வந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே தொங்கியது.

"தேக்குக் கிளி. ஒட்டிக்கிரும்," என்றார் ஆண்டியப்பன்.

"எப்ப?"

"அவுக வீட்டுல அடுத்த கல்யாணம் வர்றதுக்குள்ள."

பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரூட்டருக்கு ஒரு கொம்பு போயிருந்தது, உயிர் இருந்தது. செந்தாமரையின் செல்போனுக்கு முகம் போயிருந்தது. ஊக்கை வளைத்து ரூட்டரின் ஓட்டைக்குள் விட்டுப் பத்து எண்ணும் வரை அழுத்தச் சொன்னான் சதீஷ்குமார். அழுத்தினார். அறைக்குள் லைன் ஓடி வந்தது. வளவு டிவியில் வட்டம்தான் சுற்றியது.

"செவுரு எம்புட்டுக் கனம்ணே?"

"ஒரு ஆள் படுக்கலாம்."

"அதான். அப்டேட்டுக்கு அப்புறம் வேகமா ஓடுறதையும் மெதுவா ஓடுறதையும் ஒரே பேருல சேத்துருச்சு. டிவி வேகமானதைப் பிடிக்குது, அது உங்க செவுத்தைத் தாண்டாது. ரெண்டையும் பிரிச்சுத் தனித்தனிப் பேரு குடுங்க. டிவிக்கு மெதுவானது போதும்."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார் மருதுபாண்டி. இரண்டு தடவை தப்பாகப் போய், மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் டிவியில் ஒரு முகம் வந்தது. பிறகு மூன்று. பிறகு பதினொன்றும்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லா முகங்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"நீ கொஞ்சம் அங்குட்டு இரு மருது," என்றார் மெய்யநாதன்.

அடுப்படியில் செந்தாமரை காப்பி கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார்.

"இனி ஆளை மாத்த மாட்டாகள்ல?"

"எதுக்கு மாத்துறாக? லைனு தண்ணியாட்டம் போகுது."

தூணோரமாக எட்டிப் பார்த்தார். டிவியில் பதினோரு பேரும் வலது கையைத் தூக்கியிருந்தார்கள். தம்மைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து அவரும் கையைத் தூக்கினார்.

"மருது, இங்குட்டு வா," என்று கூப்பிட்டது பினாங்கு ஏகப்பன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளியின் தலையை மடிக்குள் ஒளித்தபடி மருதுபாண்டி முன்னால் போய் நின்றார்.

"நீ மட்டும் லைனைப் பிடிச்சுக் குடுக்கலைன்னா, வீட்டை வாங்குறவுக இன்னையோட விலகியிருப்பாக."