ஆறு பிரியாக்களும் ஒரு பஸ்ஸும்

ராத்திரி ஒன்பதரைக்கு வாசலில் ஒரு சத்தம். ப்ர்ர்ர்... டொக். ப்ர்ர்ர்... டொக்.

கணவருக்கு மறைமலை நகரில் நைட் ஷிஃப்ட். வீட்டில் நானும் ஒன்றரை வயது மகளும்தான். கரப்பான்பூச்சி வந்தாலே கட்டில்மேல் ஏறுகிற ஆள் நான்.

யாரோ கேட்டைத் தட்டினார்கள். பயம் வந்தால் எனக்கு 'முருகா' வராது. கான்வென்ட் பழக்கம், 'அருள் நிறைந்த மரியே'தான் வரும். அதைச் சொல்லிக்கொண்டே ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தேன்.

எங்கள் கம்பெனி பஸ்!

"இன்னாம்மா, எவ்ளோ நேரம் நிக்கிறது? எஸ். பிரியா நீதானே? ஏறு!" என்றார் டிரைவர்.

"அண்ணா, நான் ஆபீஸ் ஸ்டாஃப். பகல் வேலை!"

"லிஸ்ட்ல உன் வூட்டு அட்ரஸ்தான் கீது."

அந்த லிஸ்ட்டைப் போட்டதே நான்தான் என்று எப்படிச் சொல்வது?

கம்பெனியில் எத்தனை பேர், யார் எந்த பஸ் என்று காட்டும் கம்ப்யூட்டர் டேஷ்போர்டு என் பொறுப்பு. பஸ் லிஸ்ட்டும் அதிலிருந்துதான் போகும். வேலைக்கு வருகிறவர்களைவிட அதில் ஆள் அதிகம். "ஒரே ஆள் ரெண்டு தடவை வர்றாங்க, க்ளீன் பண்ணும்மா" என்றார் மேனேஜர், இன்று காலை.

ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்கள் அவரவர் ஆட்களுக்கு ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக நம்பர் போட்டிருந்தார்கள். அதனால் நம்பரை நம்பவில்லை. பெயரை நம்பினேன்! பெயரும் இனிஷியலும் ஒன்றானால் ஒரே ஆள். முதல் வரி இருக்கட்டும், மிச்சத்தை அழி. பள்ளியில் சுத்தமான நோட்டுக்குப் பரிசு வாங்கியவள் ஆயிற்றே!

எஸ். பிரியா என்று ஆறு பேர். முதல் வரி, நான். நைட் ஷிஃப்டில் 'எஸ். பிரியா' என்று இருந்ததற்கு மிஞ்சியது என் அட்ரஸ் மட்டும்.

அப்போதுதான் உறைத்தது. மற்ற ஐந்து பேரும் பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டல் பெண்கள். அந்த ஸ்டாப்பில் ஏறுவதே அவர்கள்தான். ஸ்டாப்பே லிஸ்ட்டிலிருந்து போயிருக்கும். இருட்டு ரோட்டில் நின்றுகொண்டிருப்பார்கள்!

"அண்ணா, பிள்ளைப்பாக்கம் போங்க, ப்ளீஸ்!"

"லிஸ்ட்ல இல்லாத எடத்துல நிறுத்தினா எனக்கு மெமோ. எந்த அறிவாளி போட்ட லிஸ்ட்டோ!"

"நான்தாண்ணா."

பஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

நைட்டிமேல் துப்பட்டா, இடுப்பில் அழுகிற மகள், கேட் தூண்மேல் லேப்டாப். அத்தனை பேர் பார்க்க நேற்றைய லிஸ்ட்டைத் திரும்ப ஏற்றினேன். மகளும் தன் பங்குக்கு நாலு பட்டனைத் தட்டினாள்.

டிரைவர் போன் 'டிங்' என்றது.

"அடேங்கப்பா, அஞ்சு பிரியா!"

"ஏத்தினதும் போன் பண்ணச் சொல்லுங்கண்ணா."

பஸ் போனது. உள்ளே போக மனசு வரவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வாசலிலேயே நின்றேன். பயப்படக்கூட மறந்துபோச்சு.

கடைசியில் போன் வந்தது.

"அக்கா, ஏறிட்டோம். நாளைக்கும் நாங்க அஞ்சு பேர்தானா, இல்ல ஒருத்தியா? ஒருத்தின்னா சொல்லிடுங்க, மத்த நாலு பேரும் தூங்குவோம்ல!"

"அஞ்சு பேர்தாம்மா" என்று சொல்லிவிட்டு, ஆறாவது பிரியா உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள்.